ஊர் மன்றம் நிறுத்திவைத்த மரங்கள்

ஆர்டித் நீமியைப் பற்றி எங்கள் தீவில் யாரைக் கேட்டாலும் முதலில் அந்த எட்டு மணிக் கதையைத்தான் சொல்வார்கள். அவள் ஊர் மன்றத்துக்குக் கிளார்க் ஆன இரண்டாம் வருடம், நவம்பர் தேர்தல். சாயங்காலம் எட்டு மணிக்கு வாக்குச்சாவடியை மூட வேண்டும். கடிகாரம் எட்டு அடித்ததும் ஆர்டித் எழுந்துபோய்க் கதவைப் பூட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன் வெண்டல் நின்றுகொண்டிருந்தான். படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டவன், கையில் கிரீஸைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்திருக்கிறான். தட்டினான், கும்பிட்டான், தலையில் அடித்துக்கொண்டான். அவள் கடிகாரத்தைக் காட்டிவிட்டு உள்ளே வந்து வாக்குச்சீட்டுகளை அடுக்க உட்கார்ந்துவிட்டாள். வெண்டல் சாகும்வரை மதுக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லியே ஓசியில் குடித்தான்.

என் பெயர் பெர்னெட்டா. தீவில் இருக்கும் ஒரே மளிகைக்கடை என்னுடையது. ஊர் மன்றத்தின் ஐந்து உறுப்பினரில் ஆர்டித்தோடு நானும் ஒருத்தி. தேர்தல் நாளில் ஆர்டித்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சரிபார்ப்பதும் நானே. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு, அது நல்ல பங்கு இல்லை.

ஆர்டித் பிறந்தது இந்த லமாய்ன் தீவில்தான். அவள் அப்பா சுப்பீரியர் ஏரியில் வெள்ளைமீன் பிடித்தவர், வாயைத் திறந்தால் கணக்காக நாலு வார்த்தை பேசுபவர். இவளுக்கும் அதே சுபாவம். அக்கரையில் தட்டச்சு படித்துவிட்டு வந்து, முப்பத்து நாலு வயதில் கிளார்க் வேலைக்குத் தேர்தலில் நின்றாள். எதிர்த்து நிற்க ஆளில்லை. அன்றிலிருந்து இருபத்தேழு வருடம், நாய் லைசென்ஸ், கல்லறை இடம், வாக்காளர் பட்டியல், மன்றக் கூட்டக் குறிப்பு எல்லாம் அவள் கையெழுத்துதான். வெண்டல் போனான். பிள்ளைகள் இல்லை. 'எனக்கென்ன, நூற்றுப்பதினெட்டு வாக்காளர் இருக்கிறார்களே' என்பாள். சிரிக்காமல் சொல்வாள், அதனால் அது நகைச்சுவையா இல்லையா என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

இந்த இருபத்தேழு வருடத்தில் தேர்தல் பையை அவள் ஒரு தடவைகூடத் தாமதமாகக் கொடுத்ததில்லை. சட்டம் இப்படி: வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் காலை பதினொரு மணிக்குள், முத்திரை வைத்த பை கவுண்டி, அதாவது மாவட்ட, அலுவலகத்தில் கையொப்பத்தோடு போய்ச் சேர வேண்டும். கவுண்டி அலுவலகம் அக்கரையில், படகுத்துறையிலிருந்து இருபது மைல் உள்ளே. நவம்பரிலும் ஆகஸ்டிலும் படகு ஓடும். அவள் முதல் படகில் மடியில் பையை வைத்துக்கொண்டு, முட்டை வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே போய்வருவாள்.

பிரைமரி எங்களுக்கு எப்போதும் ஆகஸ்டில்தான். அதாவது, நிஜத் தேர்தலுக்கு முன்னால் கட்சிகள் தங்கள் ஆள் யார் என்று நம்மிடமே கேட்டு முடிவுசெய்யும் தேர்தல். தக்காளி பழுக்கும், வெளியூர்க்காரர்கள் ஐஸ்கிரீமோடு திரிவார்கள், நாங்கள் நடுவில் போய் வாக்குப் போட்டுவிட்டு வருவோம். அந்த வருடம் தலைநகரத்துப் புத்திசாலிகள் உட்கார்ந்து யோசித்தார்கள். மற்ற மாநிலங்களெல்லாம் முந்திக்கொள்கின்றனவாம், நம்மை எந்த வேட்பாளரும் திரும்பிப் பார்ப்பதில்லையாம். ஒரே இரவில் சட்டம் போட்டு, பிரைமரியை மார்ச் மூன்றாம் செவ்வாய்க்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். மார்ச் மாதத்தில் எங்களுக்குப் பூமியே கிடையாது என்பது அவர்களில் ஒருத்தனுக்காவது தெரியுமா?

ஜனவரியில் ஏரி உறைந்ததும் படகு நின்றுவிடும். அப்புறம் எங்களுக்கு வழி ஐஸ்தான்; வானம் தெளிவாக இருந்தால் ஒரு குட்டி விமானம் வரும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அலங்கரித்து வைத்திருந்த காய்ந்த மரத்தைப் படகுத்துறையில் கொண்டுவந்து போடுவோம். ஆர்வில் கடாட் அவற்றை வண்டியில் கட்டி இழுத்துப்போய், ஐஸில் துளை போட்டு, தீவிலிருந்து அக்கரைவரை நாலு மைலுக்கும் வரிசையாக நடுவான். அதுதான் பாதை. பனிப்புயலிலும் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்தைப் பார்த்தே வீடு வந்து சேரலாம். பலகை இல்லை, போலீஸ் இல்லை. மரம் நிற்கிறது என்றால் போகலாம் என்று ஆர்வில் சொல்கிறான் என்று அர்த்தம். தினமும் துளையிட்டு ஐஸின் கனத்தைப் பார்ப்பான். மார்ச்சில் ஒருநாள் காலையில் போய் முதல் மரத்தைப் பிடுங்குவான். அதோடு பாதை மூடியாயிற்று. கல்யாணமாக இருந்தாலும் சரி, பிரசவமாக இருந்தாலும் சரி, அதற்கப்புறம் யாரும் ஐஸில் கால் வைக்கமாட்டோம். ஆர்வில்லிடம் 'இன்னும் ரெண்டு நாள் விடேன்' என்று கேட்ட ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. அவன் அப்பாவிடமும் யாரும் கேட்டதில்லை.

கேட்டவள் ஆர்டித்.

அந்த மார்ச் சீக்கிரமே சூடாகிவிட்டது. ஐந்தாம் தேதியே கூரையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. ஏழாம் தேதி ஆர்வில் என் கடைக்கு வந்து புகையிலை வாங்கினான். கறுத்த மரம் வெயிலை இழுத்து வைத்துக்கொள்வதால் ஒவ்வொரு மரத்தடியிலும் தண்ணீர் வளையம் கட்டியிருக்கிறது, நீரோட்டம் அடியிலிருந்து அரிக்கிறது, செவ்வாய்க்கிழமை பத்தாம் தேதி பிடுங்கிவிடுவேன் என்றான். ஆர்டித் அப்போது முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த முட்டையைத் திரும்ப வைத்துவிட்டுக் கேட்டாள்.

"பதினெட்டாம் தேதி வரைக்கும் விட முடியுமா?"

"எதுக்கு?"

"பதினேழு பிரைமரி. பதினெட்டு காலைல பை போயாகணும்."

"ப்ளேன்ல போ."

"மூடுபனி வந்தா ப்ளேன் வராது. மார்ச்ல எத்தன நாளு மூடுபனின்னு உனக்கே தெரியும்."

ஆர்வில் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அவன் கோபப்படுகிற ஆளில்லை. எல்லாரையும் ஏதாவது சொல்லிக் கிண்டல் செய்தபடி இருப்பான்.

"கிளார்க்கம்மா, உங்க சர்க்குலர ஏரி படிக்காது. நான் பத்தாந்தேதி புடுங்குறேன்," என்றான்.

அவள் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவளிடம் கவுண்டியிலிருந்து வந்த கடிதம் ஒன்று இருந்தது. உரிய நேரத்தில் பையைச் சேர்க்காத வாக்குச்சாவடிகள் மறுபரிசீலனைக்கு உட்படும் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். தீவின் சாவடியை மூடி அக்கரையோடு சேர்த்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தை அப்படித்தான் சேர்த்தார்கள். தபால் வண்டியை அப்படித்தான் குறைத்தார்கள். ஆர்டித் ஒன்பதாம் தேதி மத்தியானம் அவசரக் கூட்டம் கூட்டினாள்.

ஊர் மன்றத் தலைவர் ஹார்லன் ஸ்கூக். கோடையில் விடுதி நடத்துபவர், குளிர்காலத்தில் எங்களுக்கு உபதேசம் நடத்துபவர். ஆர்டித் அந்தக் கடிதத்தைப் படித்தாள். வாரநாட்களில் அக்கரையில் வேலைபார்க்கும் பதினொரு பேர் செவ்வாயன்று இங்கே வந்து வாக்குப் போட வேண்டும், அவர்களுக்கும் மரம் வேண்டும் என்றாள். எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். பின்வரிசையில் ஆர்வில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஹார்லன் அவனிடம் கேட்டார், இன்றைக்கு ஐஸ் எவ்வளவு கனம் என்று. பத்து அங்குலம் என்றான். பத்து அங்குலம் லாரியையே தாங்குமே என்றார் ஹார்லன். அது ஜனவரிப் பத்து, இது மார்ச்சுப் பத்து, இது ஊறின ரொட்டி என்றான் ஆர்வில். வேண்டாம் என்று தெளிவாகத்தான் சொன்னான். நான் காதால் கேட்டேன்.

தீர்மானம் வைத்தார்கள். மரங்கள் பதினெட்டாம் தேதி வரை நிற்கட்டும் என்று. ஆர்டித் கை தூக்கினாள். ஹார்லன் தூக்கினார். மீனவர் சங்கத்துக்காரன் தூக்கினான். நானும் தூக்கினேன். பள்ளிக்கூடம் போனபோது நான் அழுதேன், சாவடியும் போகக்கூடாது என்று நினைத்துத் தூக்கினேன். பொருளாளர் மட்டும் தூக்கவில்லை. தோள்வலியால் தூக்கவில்லை என்று வெளியே வந்து சொன்னான், அந்த மகராசன்.

ஆர்வில் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"சரி. இனிமே அது உங்க மரம்," என்றான்.

எங்கள் ஊரில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. மரம் எப்போதும் அவனுடையதுதான். அந்த நிமிடம் அது எனக்கு உறைத்தது, ஆனாலும் வீட்டுக்குப் போய் இறைச்சி சூப் வைத்தேன். மனுஷி அப்படித்தான் இருக்கிறாள், என்ன செய்ய?

அந்த வாரம் முழுக்க வெயில். பகலில் ஐஸ் மேல் தண்ணீர் நிற்கும், விடிகாலையில் உறையும், மத்தியானம் மறுபடி தண்ணீர். ஏரி முனகும் சத்தம் கடைக்குள் கேட்டது. எப்போதும் கேட்கும் வெடிப்புச் சத்தம் இல்லை. வெடித்தால் ஐஸ் கெட்டி என்று அர்த்தம். இது வேறு, அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். காகங்கள் ஐஸில் இறங்குவதை நிறுத்திவிட்டன. மரங்கள் மட்டும் நின்றன. சில சாய்ந்து நின்றன. என் கடை ஜன்னலிலிருந்து பார்த்தால் அவை வரிசையாக அக்கரைவரை போவது தெரியும். பார்க்கப் பிடிக்காமல் ஜன்னலில் சோப்புப் பெட்டிகளை அடுக்கிவைத்தேன்.

ஆர்வில் பேச்சைக் குறைத்துவிட்டான். ஆனால் துளை போடுவதை நிறுத்தவில்லை. உங்க மரம் என்று சொன்னவன் தினமும் காலையில் இரும்புத்தடியோடு போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வந்தான். கேட்டால் பதில் சொல்லமாட்டான். எங்களுக்குள் ஒரு அசட்டுத்தனம் இருந்தது: அவன் போய்ப் பார்க்கிறான் அல்லவா, ரொம்ப மோசமென்றால் பிடுங்கிவிடுவான். அவன் என்ன நினைத்தான் என்றால், மன்றம் சொல்லிவிட்டது, மன்றமே பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு பக்கமும் இப்படி நினைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தோம்.

அக்கரையில் இருக்கும் யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை. அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஐஸ் எப்படி இருக்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் போன் செய்வதில்லை. மரத்தைப் பார்ப்போம், அவ்வளவுதான்.

பதினேழாம் தேதி நல்ல குளிர், தெய்வாதீனம். அக்கரையிலிருந்து வர வேண்டிய பதினொரு பேரும் விடியற்காலையிலேயே கெட்டிப்பட்ட ஐஸில் வந்து, வாக்குப் போட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிட்டார்கள். ஹார்லன் எல்லாருடைய முதுகிலும் தட்டினார், ஏதோ அவரே ஏரியை உறையவைத்த மாதிரி. ஆர்டித் பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். தொண்ணூற்றாறு வாக்கு. மாலை எட்டு மணிக்குக் கதவைப் பூட்டி, கூட்டி, சரிபார்த்து, முத்திரை வைத்தாள். ஆர்வில்லின் மகள் ஜோலின் தபாலில் அனுப்பிய வாக்குச்சீட்டும் அந்தப் பையில்தான் இருந்தது. ஜோலின் அக்கரை முதியோர் இல்லத்தில் நர்ஸ். இருபத்தொன்பது வயது. செவ்வாய் இரவு அவளுக்குப் பணி, வியாழன் விடுமுறை. வாராவாரம் வியாழக்கிழமை, பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியில் அப்பாவைப் பார்க்க வருவாள். வரும்போது என் கடையில் வண்டியை நிறுத்தி, 'பெர்னி சித்தி, எங்கப்பா இந்த வாரம் யாரக் கடுப்பேத்துனாரு?' என்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.

புதன் காலை கண்ணைத் திறந்தால் வெளியே ஒன்றும் இல்லை. மூடுபனி. என் கடை வாசலிலிருந்து பெட்ரோல் பம்ப் தெரியவில்லை. ஏழு மணிக்கு விமானக்காரன் போன் செய்து, இன்றைக்கு நடக்காது என்றான். மூடுபனிக்குள் வெதுவெதுப்பான காற்று, ராத்திரியே குளிர் உடைந்திருக்கிறது.

ஆர்டித் படகுத்துறைக்கு வந்துவிட்டாள். முதுகில் பை, கையில் பனிச்சறுக்குக் கம்பு. தனியாக நடந்தே போகப் போகிறேன் என்றாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பைத்தியமாடி உனக்கு, தொண்ணூத்தாறு காகிதத்துக்கு உசுர விடுவியா என்று கத்தினேன். அவள் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டே பதில் சொன்னாள்.

"காகிதம் இல்ல பெர்னி. நம்மளால முடியலன்னு கவுண்டிக்காரன் ஒரு தடவ எழுதிட்டான்னா, அப்புறம் எதுவுமே நம்மகிட்ட இருக்காது."

அப்போதுதான் ஆர்வில் வந்தான். தன் சின்ன அலுமினியப் படகைக் கயிறு கட்டி ஐஸ் மேல் இழுத்துக்கொண்டு வந்தான். அவள் முதுகிலிருந்த பையை எடுத்துப் படகுக்குள் போட்டான். படகோடு நடந்தால், ஐஸ் உடைந்தாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளலாம். மரத்து வழியாகப் போகவில்லை. மரவரிசைக்கு அடியில் முனைப்பக்கத்து ஐஸ் மொத்தமாக அழுகிவிட்டது, மேற்கே அரை மைல் ஒதுங்கிச் சுற்றிப் போகணும் என்றான். 'பையக் குடுத்துட்டு வந்து, அக்கரைப் பக்கத்துலேர்ந்தே இந்த எழவ புடுங்கிட்டுத்தான் மறுவேலை' என்றான். இரண்டு பேரும் மூடுபனிக்குள் போனார்கள். சிறிது தூரத்திலேயே மறைந்துவிட்டார்கள். இரும்புத்தடி ஐஸைத் தட்டும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

நான் துறையிலேயே உட்கார்ந்திருந்தேன். கடையைத் திறக்கவில்லை. ஜெபம் செய்கிற பழக்கம் எனக்கில்லை, அன்றைக்குச் செய்தேன். ஒன்பதே முக்காலுக்கு ஆர்டித்திடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது: கரை ஏறிவிட்டோம். ஆர்வில்லின் பழைய லாரி அக்கரைத் துறையில் நிற்கும், அதில் கவுண்டி அலுவலகத்துக்குப் போகிறோம். கடைக்கு ஓடி ஒரு காப்பி போட்டுக் குடித்தேன். வந்த ஆபத்து விலகிப்போனது என்றே நினைத்தேன். மீண்டும் துறைக்கு வந்து, அவர்கள் திரும்புவதை எதிர்பார்த்து நின்றேன்.

பதினொன்றே கால் இருக்கும். அக்கரைப் பக்கத்திலிருந்து எஞ்சின் சத்தம். முதலில் ஆர்வில் என்று நினைத்தேன். அடுத்த நொடி தெரிந்தது, ஆர்வில் நடந்தல்லவா போனான். இது ஸ்னோமொபைல். சத்தம் நேராக வந்துகொண்டிருந்தது. மேற்கே சுற்றாமல், மரவரிசை வழியாக.

துறையில் ஒரு மூடுபனி மணி இருக்கிறது. நான் பாய்ந்துபோய்க் கயிற்றைப் பிடித்தேன். பிடித்தபடி நின்றுவிட்டேன். அந்த மணிக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்: இந்தப் பக்கம் வா. நான் அடித்தால், வருகிறவர் இன்னும் வேகமாக வருவார். போ, திரும்பு, நில் என்று சொல்ல எங்களிடம் எந்த மணியும் இல்லை. கயிற்றை விட்டுவிட்டு ஐஸ் விளிம்புக்கு ஓடிக் கத்தினேன். நில்லு, நில்லு, திரும்பிப் போ என்று தொண்டை கிழியக் கத்தினேன். மூடுபனி எல்லாவற்றையும் விழுங்கியது. எஞ்சின் சத்தம் ஒருமுறை உயர்ந்தது, உறுமியது, அப்புறம் இல்லை.

நான் அங்கேயே நின்று காதைக் கொடுத்தேன். மரத்தடியில் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது.

யார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி முதியோர் இல்லத்துக்குப் போன் செய்தேன். ஜோலின் ஒரு தோழியோடு விடுமுறையை மாற்றிக்கொண்டாளாம். காலையில் பணி முடிந்ததும் நேராக அப்பாவிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாளாம். அக்கரைத் துறையில் நின்று பார்த்திருப்பாள். மூடுபனியில் முதல் மரம் தெரிந்திருக்கும், அதற்கடுத்த மரம் தெரிந்திருக்கும். பிறந்ததிலிருந்து அவளுக்கு அது அப்பாவின் வாய்ச்சொல். அப்பா வா என்றால் அவள் ஏன் யோசிக்கப்போகிறாள்?

ஆட்களைக் கூப்பிட்டேன். ஹார்லனும் மீனவர்களும் படகுகளோடு ஓடினார்கள். அப்புறம் ஆர்டித்துக்குப் போன் செய்தேன். செய்தே ஆக வேண்டும். முதல் மணியிலேயே எடுத்தாள். இத்தனை வருடத்தில் அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

"பத்து நாப்பத்தாறுக்குக் கையெழுத்து வாங்கிட்டேன் பெர்னி. இதக் கேளேன். இங்க இருக்கற பொண்ணு சிரிக்கிறா. தீவுக்காரங்களுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் உண்டாம், ஒரு போன் பண்ணாப் போதுமாம். லெட்டர்ல ரெண்டாம் பக்கத்துல போட்டிருக்காம். இருபத்தேழு வருஷத்துல நீங்க ஒரு தடவகூட எதுவும் கேட்டதில்லயே, அதான் நாங்களும் சொல்லலங்கறா."

அவள் மேலே பேசுமுன் நான் குறுக்கிட்டேன்.

"ஆர்வில் எங்க?" என்றேன்.

"வெளிய லாரில உக்காந்து தின்னுட்டு இருக்கான். ஏன்?"

"ஆர்டித், போனை அவங்கிட்டக் குடுக்காத. நீ முதல்ல உக்காரு," என்றேன்.

வண்டி அன்று மாலையே கிடைத்தது, தீவிலிருந்து பதினாலாவது மரத்துக்குப் பக்கத்தில். ஜோலினைக் கடலோரக் காவல்படைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை எடுத்துவந்தார்கள்.

பிரைமரியில் யார் ஜெயித்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு நினைவில்லை. பெரிய நகரங்களில் குளிருக்குப் பயந்து ஜனம் வாக்குப் போட வரவில்லையாம். அதனால் அடுத்த ஜூனிலேயே தலைநகரத்தில் கூடி, தேதியைப் பழையபடி ஆகஸ்டுக்கே தள்ளிவிட்டார்கள். அந்தச் சட்டத்தில் எங்கள் தீவைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நான் தேடிப் பார்த்தேன்.

அதற்கு முன், ஏப்ரல் கூட்டத்துக்கு நாங்கள் ஐந்து பேரும் வந்தோம். ஆர்டித் இளைத்திருந்தாள். ராஜினாமா கடிதம் எழுதி வைத்திருந்தாள், ஆனால் முறைப்படி முதலில் முந்தைய கூட்டத்தின் குறிப்பைப் படித்து ஒப்புதல் வாங்க வேண்டும். எதை வேண்டுமானாலும் விடுவாள், முறையை விடமாட்டாள். படிக்க எழுந்தபோது கதவு திறந்தது. ஆர்வில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தான். இறுதிச்சடங்குக்கு அப்புறம் அவனை யாரும் வெளியே பார்க்கவில்லை. எங்களில் ஒருத்தருக்கும் அவன் முகத்தைப் பார்க்கத் துணிவு இல்லை.

அவள் படித்தாள். ஐஸ் பாதையில் உள்ள மரங்கள் பதினெட்டாம் தேதி வரை நிற்கலாம் என்று தீர்மானிக்கப்பட்டது. ஆதரவு நான்கு, பெயர்கள் இன்னின்னவை. என் பெயரைப் படிக்கும்போது நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டாள். அது கேட்க வேண்டிய கேள்வி, கேட்டாள்.

"உண்டு. என் பேரயும் சேத்து எழுது," என்றான் ஆர்வில்.

ஆர்டித் தாளைக் கீழே வைத்தாள். நீ வேண்டாம்னுதானே சொன்ன, அதைக்கூட நான் குறிப்புல எழுதல, அதுதான் தப்பு, அத இப்ப எழுதறேன் என்றாள்.

"வேண்டாம்னு சொன்னேன். அப்புறம் ஒம்போது நாளு தெனம் காலைல போய்ப் பாத்தேன். அழுகிப்போச்சுன்னு எனக்குத் தெரியும். ஒரு நாளு புடுங்கியிருந்தா யாரு என்னத் தடுத்திருப்பா? நீயா? உங்க மரம்னு சொல்லிட்டமே, நீங்க வந்து கெஞ்சட்டும்னு வுட்டேன்." அவன் குரல் உயரவே இல்லை. "அவ உங்க மரத்த நம்பி வரல ஆர்டித். என் மரத்த நம்பி வந்தா. எழுது."

உறுப்பினர் அல்லாதவர் பெயரைத் தீர்மானத்தில் சேர்க்க விதியில் இடமில்லை. ஆர்டித்துக்கு அது எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். ஹார்லன் வாயைத் திறந்தார், அவள் கையைக் காட்டி அடக்கினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்து, தன் பெயருக்கு நேர் கீழே, ஒவ்வொரு எழுத்தாக அவன் பெயரை எழுதினாள். அவன் அவள் பக்கத்தில் வந்து நின்று, அவள் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.